ராமநாதபுரத்திலிருந்து தங்கச்சிமடத்துக்கு ரெடிமிக்ஸ்: நேரக் கணக்கு எப்போது தொடங்குகிறது?

கேள்வி:
தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு மேல்தளத்துக்கு எம்30 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்) ரெடிமிக்ஸ் போட இருக்கிறோம். கான்கிரீட்டைக் கலந்து வண்டியில் ஏற்றி அனுப்பும் பிளாண்ட் ராமநாதபுரத்துக்கு அருகில் உள்ளது. விடுமுறை நாட்களில் பாம்பன் பாலத்தின் மேல் வாகனங்களை நிறுத்திக் கடலைப் பார்ப்பவர்களால் நெரிசல் ஏற்படுகிறது. வண்டி கிளம்பியதிலிருந்து இரண்டு மணி நேரம் தாங்கும் என்றும், இறுகிவிட்டால் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம் என்றும் சப்ளை செய்பவர் சொல்கிறார். இது சரிதானா?

பதில் 1:
இரண்டுமே சரியல்ல. ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 4926-இன்படி, சிமென்ட்டும் ஜல்லியும் கலந்த உலர் கலவையில் தண்ணீர் சேர்த்த நேரத்திலிருந்தே, அல்லது ஈரமான ஜல்லியில் சிமென்ட் விழுந்த நேரத்திலிருந்தே, கணக்கு தொடங்குகிறது. அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வண்டியிலிருந்து கான்கிரீட் முழுவதும் இறங்கிவிட வேண்டும். ஆகவே பிளாண்ட் வாசலில் காத்திருந்த நேரமும், உங்கள் வாசலில் பம்புக்காகக் காத்திருக்கும் நேரமும் இதற்குள்தான் அடங்கும். டெலிவரி சலானில் லோடு ஏற்றிய நேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தண்ணீர் விடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடலோரச் சூழலைக் கடுமையான பிரிவில் வைத்து, எம்30 தரத்தையும், தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக்கூடாது என்பதையும் வரையறுக்கிறது. ஒரு கன மீட்டருக்கு 360 கிலோ சிமென்ட், 162 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கன மீட்டர் வண்டியில் டிரைவர் 60 லிட்டரை ஊற்றினால் விகிதம் ஏறத்தாழ 0.48 ஆகிவிடும். கூடுதல் தண்ணீர் வற்றிய பின் எஞ்சும் நுண்துளைகள் வழியாகத்தான் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது.

பதில் 2:
மண்டபம் பக்கம் சைட் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வார நாளில், விடியற்காலையில் முதல் வண்டி பாலத்தைக் கடந்துவிடுமாறு ஏற்பாடு செய்யுங்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிவதும் நல்லது, ஏனெனில் கான்கிரீட்டின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக்கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ரிடார்டர் (இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரசாயனம்) சேர்த்தால் கூடுதல் நேரம் கிடைக்குமா?

பதில் 1:
கிடைக்கும், விதியும் அதை அனுமதிக்கிறது. ஆனால் அதன் அளவைப் பிளாண்டிலேயே சோதனைக் கலவை போட்டு முடிவு செய்ய வேண்டும். இறுகத் தாமதமாகும் தளத்தின் மேல் கடற்காற்று வீசினால் மேற்பரப்பு மட்டும் காய்ந்து வெடிப்பு விடும் என்பதால், மட்டம் தட்டிய உடனே பாலித்தீன் விரிப்பால் மூடிவிடுங்கள். அடுத்த வண்டி, முந்தைய வண்டியின் கான்கிரீட் இறுகத் தொடங்குவதற்கு முன்பே வந்து சேர வேண்டும். இல்லையென்றால் இரண்டுக்கும் இடையில் விழும் கோல்டு ஜாயிண்ட் (சரியாக ஒட்டாத இணைப்பு) வழியாக நீர் கசியும்.