எழுத்தாளர் தி.ஜானகிராமனைப் படித்ததில் உங்களை இன்னும் விடாமல் இருப்பது எது?

கும்பகோணம் வாசகர்:
‘செய்தி’ கதையைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாத்தா நாகஸ்வரக்காரர், கண் மங்கிப் படுக்கையில் இருந்தார். கதையில் நாகஸ்வர வித்வான் பிள்ளை சாமா ராகத்தில் ‘சாந்தமுலேகா’ கீர்த்தனையை வாசிக்கிறார், மேல்நாட்டு இசைக்காரன் போல்ஸ்கா தன்னை மறந்து, அதையே மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்கிறானே, அந்த இடம். தாத்தா கையை உயர்த்தி நிறுத்தினார். “அதையே திரும்ப வாசிக்கச் சொன்னானா?” என்றார். ஆமாம் என்றேன். “ஐம்பது வருடம் வாசித்தேன். கெட்டிமேளம் என்று கத்தியிருக்கிறார்கள், சீக்கிரம் முடி என்றிருக்கிறார்கள். இன்னொரு முறை என்று ஒருவன் கேட்டதில்லை.” அதற்குமேல் அடுத்த வரியைப் படிக்க எனக்குக் குரல் எழவில்லை. அவரும் மீதியைக் கேட்கவில்லை.

திருவையாற்று வாசகி:
எனக்கு ‘அம்மா வந்தாள்’. என் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மொச்சை உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார், நான் தினமும் கொஞ்சம் படிப்பேன். நாவலின் அம்மாவான அலங்காரம், கணவர் தண்டபாணியை விட்டுக் காசிக்குக் கிளம்பும் கடைசிப் பக்கங்கள் வந்தன. அவள் செய்தது சரியா தவறா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அத்தை முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “தண்டபாணிக்கு இனிமேல் யார் சோறு போடுவார்கள்?” என்று கேட்டார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். அத்தையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர் எங்கள் மாமா. தண்டபாணியை நான் அதுவரை ஒரு மனிதராகவே எண்ணிப் பார்த்ததில்லை.

மன்னார்குடி வாசகர்:
சகோதரி எழுதியது மனதைத் தொடுகிறது, ஆனால் தண்டபாணிக்காக மட்டும் இரங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மனைவிக்கு வேறொருவருடன் உறவு இருப்பது தெரிந்தும் அவர் பேசாமல் இருப்பதும் ஒரு தண்டனை கொடுப்பதுதான். தன் பாவத்தைக் கழுவ மகனை வேதம் படிக்க அனுப்புகிறாள் அலங்காரம். அந்தச் சுமை அப்புவின் தலையில் அல்லவா ஏறுகிறது? நானும் வேதபாடசாலையில் வளர்ந்தவன். விடியற்காலையில் குளிரில் உட்கார்ந்து, குரு சொல்வதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சந்தை சொல்லும்போது, யாருக்காக இதைச் சொல்கிறோம் என்று நெஞ்சு அடைத்திருக்கிறது. அந்த நாவலில்தான் அந்தக் கேள்வியை மறுபடி சந்தித்தேன்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாவல்களில் தொடங்காதீர்கள். முதலில் ‘சிலிர்ப்பு’. ரயிலில் போகும் சிறுவன், வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்படும் சிறுமிக்குத் தன் ஆரஞ்சைக் கொடுக்கிறான்; நடப்பது அவ்வளவுதான், தொண்டை அடைத்துவிடும். அடுத்து ‘பாயசம்’, பொறாமையைப் பற்றி அதைவிடக் கூர்மையான கதை கிடையாது. பிறகு ‘மோகமுள்’, ரங்கண்ணா பாபுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பக்கங்களை அவசரப்படாமல் படியுங்கள். 1995இல் வந்த திரைப்படத்தை அதற்கு முன் பார்க்க வேண்டாம், நாயகி யமுனாவின் முகம் உங்கள் மனதில் முதலில் உருவாகட்டும். ‘மரப்பசு’ கடைசியில். எழுத்தாளர் சிட்டியுடன் சேர்ந்து எழுதிய பயணநூல் ‘நடந்தாய் வாழி காவேரி’யை வீட்டில் உட்கார்ந்து படிக்காதீர்கள்; ஆற்றோரமாகப் போகும் பஸ்ஸில் படியுங்கள். 1979இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘சக்தி வைத்தியம்’ தொகுப்பும் கையில் இருக்கட்டும்.

பாபநாசம் வாசகர்:
நான் கல்யாணச் சமையல் வேலை செய்கிறேன். ‘பாயசம்’ பொறாமைக் கதை என்று ஐயா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாமநாது, செத்துப்போன மனைவியோடு மனதுக்குள் பேசிக்கொண்டே அந்தக் கல்யாண வீட்டில் நடமாடுகிறார். அண்ணன் மகன் வீட்டில் எல்லாம் நிறைந்து வழிகிறது, தன் வீட்டில் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. பாயசத் தவலையைக் கவிழ்த்துவிட்டு, பெருச்சாளி விழுந்திருந்தது என்று பொய் சொல்கிற கிழவரை எப்படி வெறுப்பது?

அதைப் படித்தபின் ஒரு கல்யாணத்தில், பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கோட்டை அடுப்பு ஓரமாக வந்து நின்றார். பந்தி நடக்கிறது, அவரை யாரும் கூப்பிடவில்லை. பாயசத் தவலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பகீர் என்றது. மூடியை எடுத்து, ஏடு படியாமல் கிளறி, முதல் டம்ளரை அவர் கையில் கொடுத்து, “இனிப்பு சரியாக இருக்கிறதா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றேன். ஊதி ஊதிக் குடித்தார். “ஏலக்காய் ஒரு சிட்டிகை போதவில்லை” என்றார். போட்டேன். பந்தி முடியும்வரை அங்கேயே உட்கார்ந்து, யார் யாருக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அதட்டிக்கொண்டிருந்தார்.