அறுவை சிகிச்சை தாங்காத அம்மாவின் பித்தப்பைக் கல்: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம்.

78 வயதாகும் என் அம்மாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன் பித்தப்பைக் கல்லால் கடுமையான அழற்சி ஏற்பட்டது. இதயத்தின் இரத்தம் வெளியேற்றும் திறன் 25 சதவீதமாகக் குறைந்திருப்பதால், முழு மயக்கம் கொடுத்துப் பித்தப்பையை அகற்றுவது ஆபத்து என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். ஆகவே விலாவுக்குக் கீழே தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஸ்கேன் பார்த்தபடியே மெல்லிய குழாயைச் செருகி, சீழ் கலந்த பித்தநீரை வடித்தார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் தணிந்தது. ஆனால், பித்தநீர் வடிந்து சேரும் பிளாஸ்டிக் பையை ஊக்கால் சேலையில் குத்திக்கொண்டு நடமாடும் அம்மா, "இந்த வாலை எப்பப்பா எடுப்பாங்க?" என்று தினமும் கேட்கிறார்.

குழாயை எடுத்தாலும் கல் உள்ளேயே இருக்கும் என்பதுதான் கவலை. மாத்திரை சிறிய கொலஸ்டிரால் கற்களையே, அதுவும் பல மாதங்களில்தான் கரைக்கும். அம்மாவின் கல்லோ 18 மில்லிமீட்டர். வாய் வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, இரைப்பை அல்லது முன்சிறுகுடலிலிருந்து பித்தப்பைக்குள் உலோக ஸ்டென்ட் வைத்து உள்ளேயே வடியவிடும் முறையைப் பற்றிப் படித்தேன். 2020இல் வெளியான, 80 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், ஓராண்டுக்குள் ஏற்பட்ட சிக்கல்கள் தோல்வழிக் குழாயைவிட இதில் வெகுவாகக் குறைந்திருந்தன.

தமிழ்நாட்டில் இந்த ஸ்டென்ட்டை யாருக்கேனும் வைத்திருக்கிறார்களா? இதயத்துக்கான இரத்தம் உறையாத மாத்திரைகளை எத்தனை நாள் நிறுத்தச் சொன்னார்கள், செலவு எவ்வளவு ஆயிற்று, காப்பீட்டில் கிடைத்ததா என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். ஆலிவ் எண்ணெய் வைத்தியம் மட்டும் வேண்டாம். உறவினர்கள் ஏற்கெனவே போதிய அளவு சொல்லிவிட்டார்கள்.