உயிர்களைச் சூழல் செதுக்குகிறதா, சூழலை உயிர்கள் செதுக்குகின்றனவா?

கற்பாறை:
உயிரும் சூழலும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்று இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பலம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பசிபிக் கடலின் கலாபகசுத் தீவுக்கூட்டத்தில் டாப்னே மேஜர் என்ற சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி அங்கே பல பத்தாண்டுகள் குருவிகளை அளந்தார்கள். 1977ல் மழை பொய்த்தது. மெல்லிய சின்ன விதைகள் தீர்ந்து, நெருஞ்சி வகையின் கெட்டியான முள்விதைகளே பெரும்பாலும் மிஞ்சின. அதை உடைக்கத் தெம்பில்லாத சிறு அலகுக் குருவிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிழைத்தவற்றின் குஞ்சுகளுக்கு அலகு தடித்திருந்தது. 1983ல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் நிலை, மழையைக் கொட்டியதும் சின்ன விதைகள் பெருகின, இயற்கைத் தேர்வு எதிர்ப்பக்கம் திரும்பியது. வானம் சொன்னது, அலகு கேட்டது. அவ்வளவுதான்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல்லிடம் டைனோசர்கள் என்ன பேரம் பேச முடிந்தது?

வேர்முனை:
கற்பாறை சார், விண்கல் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. குருவிக் கதையில்தான் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். அந்தச் சின்ன விதைகள் எப்படித் தீர்ந்தன? வறட்சி புது விதை வராமல் தடுத்தது, சரி. தரையில் கிடந்ததைத் தின்று தீர்த்தது யார்? குருவிகள்தான். தம் கூட்டமே காலி செய்த தரையில்தான் அவற்றின் அலகு சோதிக்கப்பட்டது. நெருஞ்சிப் பக்கமிருந்தும் பாருங்கள். எந்தக் காய் உடைபடாமல் தப்பி முளைக்கிறது என்பதைக் குருவிகள் தீர்மானிக்கின்றன. முள்ளும் கடினமும் அந்த வழியில் தேர்வாவதற்குச் சான்று இருக்கிறது.

அப்புறம் மண்புழு. டார்வின் தன் கடைசிக் காலத்தில், 1881ல், ஒரு நூல் முழுக்க மண்புழுவைப் பற்றித்தான் எழுதினார். மண்புழுவின் கழிவுக் குழல்கள் நன்னீரில் வாழும் பிராணியுடையவை மாதிரியே இருக்கின்றன, நீர்த்த சிறுநீரைத் தாராளமாக வெளியேற்றுகின்றன. காய்ந்த மண்ணில் இப்படி ஓர் உடல் உயிரோடு இருக்கவே கூடாது. ஆனால் அது வளை தோண்டுகிறது, சளியால் மண்ணைச் சிறு உருண்டைகளாகக் கட்டுகிறது, இலைகளை உள்ளே இழுத்து மக்க வைக்கிறது. தண்ணீர் நிற்கும் மண்ணை அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. உடம்பு மாற வேண்டிய இடத்தில் மண் மாறியிருக்கிறது.

கற்பாறை:
மண்புழு நல்ல உதாரணம். ஆனால் நீங்கள் சொல்வது 'பாதிப்பு'. எல்லாமே எதையாவது பாதிக்கும். மலையிலிருந்து உருளும் கல்கூட ஆற்றின் போக்கை மாற்றும், கல்லுக்கு உயிர் இருக்கிறதா? அடுத்து யாராவது ஆக்சிஜனைக் கொண்டுவருவார்கள், எனக்குத் தெரியும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் சயனோபாக்டீரியாக்கள் என்ற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வெளியிட்டுக் காற்றையே மாற்றின, கடலில் கரைந்திருந்த இரும்பைத் துருவாகப் படிய வைத்தன. உண்மைதான். அது அவற்றின் கழிவு. யாரும் திட்டமிடவில்லை.

பசுங்கோள்:
திட்டம் எதற்கு? திட்டமில்லாமலே ஒழுங்கு வரலாம் என்பதைத்தான் வாட்சன், லவ்லாக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1983ல் ஒரு கணித மாதிரியில் காட்டினார்கள். கறுப்பு டெய்சி, வெள்ளை டெய்சி, இரண்டு பூக்கள் மட்டும் உள்ள ஒரு கற்பனைக் கோள். கறுப்பு வெப்பத்தை உறிஞ்சும், வெள்ளை திருப்பி அனுப்பும். சூரியன் மெல்ல மெல்லச் சூடேறினாலும் பூக்களின் விகிதம் மாறிக் கோளின் வெப்பம் ஒரு வரம்புக்குள்ளேயே நிற்கிறது. உயிர்கள் தமக்கு ஏற்றபடி பூமியை வைத்திருக்கின்றன என்றே நான் நம்புகிறேன்.

வேர்முனை:
பசுங்கோள், இங்கே நான் உங்கள் பக்கம் வர மாட்டேன். அந்த மாதிரியில் பூவுக்கு நல்லதும் கோளுக்கு நல்லதும் ஒன்றாக இருக்கும்படி முதலிலேயே அமைத்துவிட்டார்கள். நிஜத்தில் அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. ஆக்சிஜன் பெருகியபோது, அதுவரை ஆக்சிஜன் இல்லாமலே வாழ்ந்த நுண்ணுயிர்களுக்கு அது நஞ்சு. அவற்றின் வம்சம் இன்றும் சேற்றின் அடியிலும் குடல்களுக்குள்ளும் காற்றுக்கு ஒளிந்துதான் வாழ்கிறது. உயிர் சூழலை மாற்றும் என்பதற்கும், நல்லபடியாகவே மாற்றும் என்பதற்கும் நிறைய தூரம். இரண்டாவதை விட்டுவிட்டால்தான் முதலாவதை உறுதியாக வாதிட முடியும்.

கற்பாறை சாரின் கல்லுக்கும் பதில் இருக்கிறது. கல் ஆற்றை மாற்றுகிறது. மாறிய ஆறு அந்தக் கல்லின் பிள்ளைகளில் எது பிழைக்கும் என்று தேர்ந்தெடுப்பதில்லை. உயிர் விஷயத்தில் தேர்ந்தெடுக்கிறது. வேறுபாடு அங்கேதான்.

ஓடைக்கரை:
நான் கொஞ்சம் தரையிலிருந்து பேசுகிறேன். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1920களில் ஓநாய்களை ஒழித்தார்கள். எல்க் என்ற பெரிய மான்கள் பெருகி, ஓடையோரம் வளரும் வில்லோ மரங்களைக் கடித்துக் குட்டையாக்கின. மரத்தைக் கடித்து ஓடையில் அணை கட்டும் விலங்கான பீவர்களுக்கு வில்லோதான் உணவு, அணை கட்டும் பொருளும் அதுதான். வில்லோ குறைந்ததும் வடக்குப் பகுதி ஓடைகளில் பீவர்கள் இல்லாமல் போயின. பழைய அணைகள் உடைந்தன. தடையில்லாமல் ஓடிய தண்ணீர் ஓடைப் படுகையை அறுத்து ஆழமாக்கியது, நிலத்தடி நீர் கீழே இறங்கியது.

1995ல் ஓநாய்களைத் திரும்ப விட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று பரவலாகச் சொல்லப்பட்ட கதை இதுதான். ஆனால் அதே இடத்தில் பத்தாண்டுச் சோதனை ஒன்று நடந்தது. சில வில்லோத் திட்டுகளுக்கு மான் புகாத வேலி. சிலவற்றின் அருகே ஓடையில் செயற்கை அணை. சிலவற்றுக்கு இரண்டும். வேலி மட்டும் போட்ட இடத்தில் வில்லோ முழுதாக எழவில்லை, மேய்ச்சல் நின்றும் வேருக்குத் தண்ணீர் எட்டவில்லை. அணையும் வேலியும் சேர்ந்த இடத்தில்தான் நன்றாக உயர்ந்தது.

பீவர் வர வில்லோ வேண்டும், வில்லோ வளர பீவரின் அணை வேண்டும். மழை அதே மழைதான், பாறையும் அதே பாறைதான். வாழ்ந்த உயிர்கள் மாறியதால் நிலமே வேறு நிலைக்குப் போய்விட்டது, ஓநாய் வந்தும் திரும்பி வரவில்லை. இதை வெறும் பாதிப்பு என்று ஒதுக்க முடியுமா?

கற்பாறை:
இது கனமான உதாரணம், தந்ததற்கு நன்றி. ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. வேர்முனை, 'தேர்ந்தெடுக்கிறது' என்று சொன்னீர்கள். ஓர் உயிரினம் தானே மாற்றிய சூழலால் அதன் பரம்பரைக் குணம் மாறியதை நேரில் பார்த்தவர் உண்டா? மண்புழுவில் நடந்ததை ஊகிக்கத்தான் முடியும்.

வேர்முனை:
உண்டு. கரீபியன் தீவான டிரினிடாடின் மலை ஓடைகளில் வாழும் கப்பி என்ற சின்ன மீன்கள். அருவிக்குக் கீழே கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள் இருக்கின்றன. அங்கே கப்பிகள் சீக்கிரம் பருவத்துக்கு வந்து, சின்னச் சின்னக் குஞ்சுகளாக நிறையப் போடும். அருவிக்கு மேலே அந்த எதிரிகள் ஏற முடியாது. அங்கே தாமதமாகப் பருவமடைந்து, குறைவாக, ஆனால் பெரிய குஞ்சுகள் போடும். உயிரியலாளர் டேவிட் ரெஸ்னிக் குழுவினர் கீழ்மீன்களை, கப்பியே இல்லாத மேலோடைகளுக்கு மாற்றினார்கள். சில ஆண்டுகளிலேயே குணம் மாறத் தொடங்கியது, அதுவும் மரபுவழியாக.

முதலில் எல்லாரும் உங்களைப் போலத்தான் விளக்கினார்கள்: எதிரி இல்லை, அதனால் மாறியது. பிறகு மீன்களின் நெருக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தபோது கதை வேறாகத் தெரிந்தது. எதிரி இல்லாததால் கப்பிகள் நெருக்கமாகப் பெருகுகின்றன, ஓடையின் இரையைத் தாமே வற்றச் செய்கின்றன. அந்தப் பஞ்சத்தில் பெரிய குஞ்சு பிழைக்கிறது, சின்னது சாகிறது. பஞ்சத்தை உண்டாக்கியதும் கப்பி, அதற்கேற்ப மாறியதும் கப்பி. இரண்டு வகை மீன்களையும் தனித்தனிச் செயற்கை ஓடைகளில் விட்டால் அங்குள்ள பாசியின் அளவும் பூச்சிகளின் அளவும் வேறு வேறாகின்றன. வட்டம் இரண்டு பக்கமும் அளக்கப்பட்டிருக்கிறது.

கற்பாறை:
அருவி என்பது பாறை. எதிரியைத் தடுத்தது பாறைதான். முதல் காரணம் இன்னும் என் பக்கமே இருக்கிறது.

வேர்முனை:
முதல் காரணம் உங்களுடையதாகவே இருக்கட்டும். அருவி யாரை உள்ளே விடுவது என்பதைத் தீர்மானித்தது. குஞ்சின் அளவைத் தீர்மானித்தது உள்ளே வந்த மீன்களின் நெருக்கம். பாறையை மட்டும் பார்த்து அந்த அளவை யாரும் கணித்திருக்க முடியாது.

ஓடைக்கரை:
இதில் யார் சொல்வது சரி என்பது வெறும் தத்துவக் கேள்வி இல்லை, செலவும் உழைப்பும் அதைப் பொறுத்தது. அமெரிக்காவின் ஒரிகனில் பிரிட்ஜ் கிரீக் என்ற ஓடை இதே மாதிரி அறுத்துக்கொண்டு கீழே போயிருந்தது. சூழல் ஒருபக்கமாகத்தான் வேலை செய்கிறது என்று நினைத்திருந்தால் கான்கிரீட் கொட்டிப் படுகையை உயர்த்தியிருப்பார்கள். அங்கே ஆய்வாளர்கள் 2009 முதல் ஓடையின் குறுக்கே மரக்கழிகளை வரிசையாக அடித்தார்கள். பீவர்கள் வந்து அந்தக் கழிகளைப் பிடிமானமாக வைத்து அணையைத் தாமே கட்டி எழுப்பின. வண்டல் தங்கியது, நிலத்தடி நீர் ஏறியது, ஸ்டீல்ஹெட் மீன் குஞ்சுகள் அதிகமாகப் பிழைத்தன. 2016ல் வெளியான ஆய்வு அது. கற்பாறை, உங்கள் கொள்கைப்படி அந்த ஓடையைச் சரிசெய்ய நீங்கள் எங்கிருந்து தொடங்கியிருப்பீர்கள்? அதைச் சொல்லுங்கள், மேலே பேசலாம்.