நாட்சம்பளம் உயர்ந்தால் கொழுந்து பறிப்பவரின் மாத வருமானமும் உயருமா?

மலையடிவாரம் கேட்கிறார்:

இலங்கையின் பெருந்தோட்டத் தொழிலாளருக்கு 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் ஊடாக நாட்சம்பளம் 1,000 ரூபாயாக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ஆனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாயும், அரசாங்கம் தனியாக வழங்கும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவும் அறிவிக்கப்பட்டன. ஆனால் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் என் அக்காவின் சம்பளச் சீட்டில், 1,000 ரூபாய் வந்த காலத்தில்கூட மாத முடிவில் பெரிய மாற்றம் எதையும் நான் காணவில்லை. சட்டப்படி சம்பளத்தை உயர்த்துவது உண்மையில் தொழிலாளருக்கு உதவுகிறதா?

கொழுந்துக்கூடை:

உங்கள் அக்காவின் சீட்டில் நாட்சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன், எத்தனை நாள் முழுப்பேர் (முழு நாட்சம்பளம்), எத்தனை நாள் அரைப்பேர் (பாதிச் சம்பளம்) என்று எண்ணிப் பாருங்கள். சம்பளத்தை அறிவிக்கும் அரசாங்க வர்த்தமானி ஒரு நாளின் விலையைச் சொல்கிறதே ஒழிய, அந்த நாளுக்குள் எத்தனை கிலோ பறிக்க வேண்டும், மாதத்தில் எத்தனை நாள் வேலை தரப்பட வேண்டும் என்பவற்றை அது தொழிலாளரின் கையில் கொடுப்பதில்லை. 1,000 ரூபாய்க்கு 25 நாள் வேலை செய்தவருக்கு 25,000 கிடைத்தது. 1,550 ரூபாய்க்கு 16 நாள் மட்டும் வேலை கிடைத்தால் 24,800தான். 2021இல் சம்பளம் உயர்ந்த கையோடு கம்பனிகள் தொழிற்சங்கங்களுடனான கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. பல தோட்டங்களில் 16, 18 கிலோவாக இருந்த அளவு 20 ஆக்கப்பட்டு, அதைப் பறிக்க முடியாதவர்களுக்கு அரைப்பேர் போடப்பட்டது. கூட்டு ஒப்பந்தத்தைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொழிலாளரைக் காக்க வைத்த ஏற்பாடு அது. இருந்தாலும் கிலோ அளவைப் பற்றி வழக்காட அது ஓர் இடமாக இருந்தது. வறட்சி மாதத்தில் மலையில் கொழுந்தே இல்லாதபோது 20 கிலோவுக்கு எங்கே போவது?

பழைய கணக்குப்பிள்ளை:

தோட்ட அலுவலகத்தில் பல ஆண்டுகள் செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவேடு) எழுதியவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தேயிலையின் விலையைத் தோட்டம் தீர்மானிப்பதில்லை, கொழும்பு ஏலம் தீர்மானிக்கிறது. கூடிய சம்பளத்தை வாங்குபவர் தலையில் சுமத்த வழியில்லை. உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலிதான். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபின் விளைச்சலும் விழுந்தது. அதனால்தான் சில கம்பனிகள் மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களிடம் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கொழுந்தை வாங்கத் தொடங்கின. அந்த ஏற்பாட்டில் உழைப்பவர் நாட்கூலிக்காரராகவே கருதப்படாததால், குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் அவரை எட்டாது.

கொழுந்துக்கூடை:

ஏலத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள், சரி. 2022இல் ரூபாய் சரிந்தபோது அதே ஏலத்தில் சராசரி விலை ரூபாய்க் கணக்கில் முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய இரட்டிப்பானதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2021இல் ஏறக்குறைய 5 டொலர் பெறுமதியாக இருந்த 1,000 ரூபாய் அப்போது 3 டொலருக்கும் கீழே போய்விட்டது. அடுத்த உயர்வு வர 2024 வரை ஆனது.

வரம்பு:

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1992இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 ஆனபோது, அண்டை மாநிலமான பென்சில்வேனியாவுடன் ஒப்பிட்டு, துரித உணவகங்களில் வேலைவாய்ப்பு குறையவில்லை என்று பொருளியலாளர்களான டேவிட் கார்டும் அலன் குரூகரும் காட்டினார்கள். அதை இங்கே அப்படியே பொருத்திவிட முடியாது. அங்கே கூலி மணிக்கணக்கில். ஒரு மணி நேரத்தைப் பாதி மணி என்று எழுத முடியாது. இங்கே தராசு தோட்டத்தின் கையில் இருக்கிறது. அதே சமயம், தொழிலாளர் வசிக்கும் லயத்து (வரிசைக் குடியிருப்பு) வீடும் தோட்டத்துக்குச் சொந்தமாக இருப்பதால், கூலி குறைவு என்று வேறிடம் போக முடியாத தொழிலாளருக்குச் சட்டம் விதிக்கும் அடிமட்டம் வேறு எவரையும்விட அதிகம் தேவைப்படுகிறது. ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதிக்குத் தொழில் தருநர் செலுத்தும் 12 சதவீதமும் சம்பளத்தின் மீதே கணக்கிடப்படுவதால், ஓய்வுபெறும் நாளிலாவது இந்த உயர்வு தெரியும்.

மலையடிவாரம்:

சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். சென்ற மாதம் 17 நாள், அவற்றில் 5 அரைப்பேர். நாட்சம்பளம் வர்த்தமானியில் உள்ளபடியேதான் இருக்கிறது.