பொஸ்னிஷேவ் பேசுகிறானா, டால்ஸ்டாய் பேசுகிறாரா?

கேள்வி:
டால்ஸ்டாயின் ‘க்ரூட்ஸர் சொனாட்டா’ குறுநாவலில் பாதி வந்திருக்கிறேன். மனைவியைக் கொன்ற பொஸ்னிஷேவ் ரயிலில் கடுந்தேநீர் குடித்துக்கொண்டே உபதேசம் செய்கிறான். கடைத்தெருவைப் பாருங்கள், பெரும்பாலான சரக்கு பெண்களுக்குத்தான், அதை வைத்தே நம்மை அடிமையாக்கிவிட்டார்கள் என்கிறான். பற்றிக்கொண்டு வருகிறது. இது பாத்திரத்தின் கிறுக்கா, ஆசிரியரின் கருத்தா?

பதில் 1:
பாத்திரம்தான். கடைசிவரை படியுங்கள். குத்துப்பட்டுக் கிடப்பவளின் கன்றிப்போன முகத்தைப் பார்த்தபோதுதான் அவளும் ஒரு மனுஷி என்று முதல்முறையாகத் தெரிந்தது என்று அவனே சொல்கிறான். அத்தனை உபதேசத்துக்கும் அந்த ஒரு வரி போதாதா?

பதில் 2:
அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது. டால்ஸ்டாய் தனியாகப் பின்னுரை எழுதி, தாம்பத்திய உறவு பற்றிய அவன் வாதத்தில் பாதியைத் தன் வாதமாகவே சொன்னார். பாவம் அவர் மனைவி சோஃபியா! ஊரே தன்னைத்தான் அந்த மனைவியாகப் பார்க்கும் என்று குமைந்தார். ஆனாலும் 1891இல் ஜார் மன்னரை நேரில் பார்த்து, கணவரின் நூல்தொகுதியில் அந்தக் கதையை அச்சிட அனுமதி வாங்கினார். அப்புறம் மனைவியின் பக்கத்திலிருந்து தானே ஒரு நாவல் எழுதினார். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை.

கேட்டவர்:
சரி, முடித்துவிட்டு வருகிறேன். சோஃபியாவின் நாவலைத் தமிழில் யாராவது மொழிபெயர்த்திருக்கிறார்களா?