போல்காவில் துள்ளல் முதலிலா, முடிவிலா?

கேள்வி – தாளப்பித்தன்

வணக்கம். போல்கா நடனத்தின் அடிப்படை அடவைக் கற்று வருகிறேன். சில பயிற்சிக் காணொளிகளில் முதலில் துள்ளிவிட்டு மூன்று அடி வைக்கச் சொல்கிறார்கள். வேறு சிலவற்றில் மூன்று அடி வைத்தபின் துள்ளச் சொல்கிறார்கள். எது சரி? மேலும், 2/4 தாளத்தில் (ஒரு தாளச் சுற்றுக்கு இரண்டு எண்ணிக்கை) அமைந்த அணிவகுப்பு இசையும் போல்காவும் எண்ணிப் பார்த்தால் ஒன்றாகவே இருக்க, காதில் மட்டும் வெவ்வேறாக ஒலிப்பது ஏன்?

மறுமொழி – வடதிசை

இரண்டும் சரிதான். ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டாகப் பிரித்து "ஒன்று-மற்றும்-இரண்டு-மற்றும்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் மூன்று அசைகளில் வலம், இடம், வலம் என்று கால்கள் விழும். நான்காவது அசையில் அதே வலக்காலில் துள்ள வேண்டும். அடுத்த சுற்று இடக்காலில் தொடங்கும். ஒரு சுற்றின் கடைசி அசையில் வரும் இந்தத் துள்ளலே அடுத்த சுற்றுக்கு எடுப்பாகவும் அமைவதால், ஓர் ஆசிரியர் அதை முடிவில் எண்ணுகிறார், மற்றொருவர் தொடக்கத்தில் எண்ணுகிறார். ஆட்டம் ஓடத் தொடங்கிவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. மூன்று அடி என்பது ஒற்றைப்படை எண் ஆதலால், முன்வைக்கும் கால் சுற்றுக்குச் சுற்று மாறிக்கொண்டே இருக்கிறது. இணையாக ஆடுவோர் ஒரு சுற்றில் அரை வட்டமும் அடுத்த சுற்றில் மீதி அரை வட்டமும் திரும்புவதற்கு வழிசெய்வது இதுதான். துள்ளலை உயரத்துக்காகச் செய்யாதீர்கள். குதிகால் தரையை விட்டு எழுந்தாலே போதுமானது. வேகமான இசைக்கு ஆடும் பலர் அதையும் விட்டுவிடுகிறார்கள் என்றாலும், துள்ளல் இல்லாத போல்காவில் எனக்கு நிறைவு ஏற்படுவதில்லை.

மறுமொழி – துருத்திக்காரர்

இசை பற்றிய ஐயத்துக்கு: அணிவகுப்பில் ஓர் எண்ணிக்கைக்கு ஓர் அடி, ஆகவே சுற்றுக்கு இரண்டே அடிகள். போல்காவின் மெட்டோ பெரும்பாலும் இரண்டு குறுகிய சுரங்களும் ஒரு நீண்ட சுரமுமாக, "தக தா" என்பதுபோல் நகர்ந்து, மேலே சொன்ன மூன்று அடிகளோடு பொருந்திவிடுகிறது. டூபா போன்ற கீழ்சுர ஊதுகருவி எண்ணிக்கையின் மீது அழுத்த, அக்கார்டியன் என்னும் துருத்திக் கருவியின் இணைசுரங்கள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள்) இடைவெளியில் விழுகின்றன. டெக்சஸ், வடக்கு மெக்சிகோ வட்டாரப் போல்காக்களில் பாஹோ செக்ஸ்தோ என்னும் பன்னிரண்டு தந்திக் கருவி இவ்விரு வேலைகளையும் தானே செய்வதைக் கேட்டுப் பாருங்கள். ஜெர்மானிய, செக் குடியேறிகள் கொண்டுசென்ற இந்த ஆட்ட இசை அங்கே முற்றிலும் வேறொரு மணம் பெற்றுவிட்டது.

தாளப்பித்தன்

இருவருக்கும் நன்றி. வியன்னா இசையமைப்பாளர் இளைய யோகான் ஸ்ட்ராஸின் போல்காத் தொகுப்பு ஒன்றை ஒலிக்கவிட்டுப் பயிற்சி செய்தேன். சில உருப்படிகளுக்குக் கால் ஓடவில்லை. ஒன்றில் தாளமே பிடிபடவில்லை.

மறுமொழி – வடதிசை

தாளம் பிடிபடாதது போல்கா-மசுர்காவாக இருக்கக்கூடும். பெயரில் போல்கா இருந்தாலும் அது 3/4 தாளம், அதாவது சுற்றுக்கு மூன்று எண்ணிக்கை. உங்கள் அடவு அதில் பொருந்தாது. 1830களில் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) பரவி, 1840களில் பாரிஸ் நகரையே பித்துப்பிடிக்க வைத்த போல்கா ஆட்டம் வியன்னாவின் நடனக்கூடங்களுக்குள் நுழைந்தபின் பல வகைகளாகக் கிளைத்தது. பிரெஞ்சுப் போல்கா எனப்படுவது நிதானமானது. "போல்கா ஷ்நெல்" விரைவானது. 1858இல் ஸ்ட்ராஸ் இயற்றிய "ட்ரிட்ச்-ட்ராட்ச்" அவ்வகையைச் சேர்ந்தது என்பதால், தொடக்கநிலையில் அதற்கு ஆட முயன்று மூச்சிரைக்க வேண்டியதில்லை. 1852இல் வெளிவந்த அவருடைய "ஆன்னென் போல்கா" நிதான வகை. முதலில் இணை இல்லாமல், நேர்கோட்டில், துள்ளல் நான்காவது அசையில் பிசகாமல் விழும்வரை அதற்கே அடிவைத்துப் பழகுங்கள். திரும்புவதை அதன்பின் சேர்த்துக்கொள்ளலாம்.