கழற்றி மாட்டும் மர நாற்காலி மூன்றாவது தடவையே ஆடுகிறது, எங்கே பிழை?

குழித்துறையான்:
தங்கை சென்னையில் வேலைக்குச் சேர்ந்து வாடகை வீட்டில் இருக்கிறாள், வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறாள். ரயிலில் சீட்டுக்கு அடியில் தள்ளிக் கொண்டுபோகிற மாதிரி, கழற்றினால் ஒரு பலகைக் கட்டாகிவிடும் நாற்காலி ஒன்றை என் கையாலேயே செய்து கொடுக்க ஆசை. பழைய கதவு நிலையைப் பிரித்த அயினிக் கட்டை வீட்டில் கிடந்தது, நல்ல வைரம் பாய்ந்த மரம். முன்கால் இரண்டையும் ஒரு சட்டமாக, பின்கால் இரண்டையும் சாய்மானத்தையும் இன்னொரு சட்டமாக, கழுந்து (அடுத்த கட்டையின் துளைக்குள் நுழைகிற மாதிரி செதுக்கிய முனை) வைத்து ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். இரண்டையும் இணைக்கும் பக்கச் சட்டங்கள்தான் கழற்றுவதற்கு. காலுக்கு வெளியிலிருந்து சட்டத்தின் முனைக்குள் இரண்டரை இஞ்ச் ஸ்க்ரூ, மூட்டுக்கு இரண்டு.

முதல் தடவை மாட்டியபோது கல் மாதிரி நின்றது. மூன்றாவது தடவை மாட்டி, அப்பா உட்கார்ந்து கொஞ்சம் பின்னால் சாய்ந்ததும் கிரீச் என்றது. பின்கால் மூட்டில் ஒரு காசு நுழைகிற அளவுக்கு இடைவெளி. ஸ்க்ரூவைக் கழற்றினால் அதன் மரையில் மாவு மாதிரி மரத்தூள் ஒட்டியிருக்கிறது. தீக்குச்சியும் ஃபெவிகாலும் திணித்துப் பார்த்தேன், ஒரு வாரம்தான் தாங்கியது. உட்காரும் உயரம் 45 செ.மீ., ஆழம் 42. பெரிய ஸ்க்ரூ போட்டால் சரியாகுமா, அல்லது வடிவமே தப்பா?

தக்கலை உளி:
தம்பி, மரத்திலும் குறையில்லை, அளவிலும் குறையில்லை. பெரிய ஸ்க்ரூ வேண்டாம், அதுவும் இதே கதிதான். முனைமரத்துக்குள், அதாவது சட்டத்தின் வெட்டுமுகத்துக்குள், ஸ்க்ரூ போனால் அது நாரோடு நாராகத்தான் ஓடும், ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் மரை வெட்டிய நார் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும்.

ஆனால் பெரிய தப்பு அது இல்லை. நாற்காலிக்கு வருகிற பாரத்தில் கடுமையானது ஆள் பின்னால் சாய்வது, அந்த விசை முன்பின்னாகத்தான் ஓடும். நீங்கள் அந்த முன்பின் மூட்டைக் கழற்றுகிற மூட்டாக வைத்துவிட்டு, அவ்வளவு பாரம் வராத இடவல மூட்டை ஒட்டிவிட்டீர்கள். அப்படியே திருப்புங்கள். ஒரு முன்கால், ஒரு பின்கால், நடுவில் மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இதை ஒட்டி நிரந்தரமாக்கினால் ஒரு பக்கம் முடிந்தது. அதே மாதிரி இன்னொன்று. இந்த இரண்டையும் சேர்க்கும் குறுக்குச் சட்டங்களை மட்டும் கழற்றுகிற மாதிரி வையுங்கள். படுக்கப்போட்டு அடுக்கினால் எல்லாம் தட்டைதான்.

குறுக்குச் சட்டத்தின் கழுந்தை, காலைத் துளைத்து வெளியே நாலரை செ.மீ. நீட்டி, நீட்டிய பகுதியில் ஒரு துளை வெட்டி அதில் ஆப்பு போடுங்கள். அப்பாவோடு பழைய ஓட்டுவீடுகளைப் பிரிக்கப் போயிருக்கிறேன், ஆப்பைத் தட்டி எடுத்ததும் கட்டை சேதமில்லாமல் கழன்று வரும், அதை அப்படியே வேறு வீட்டில் மாட்டலாம். கவனிக்க வேண்டிய இடம் ஒன்று: ஆப்புத் துளையின் உள்விளிம்பு காலின் வெளிமுகத்துக்கு 2 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். முகத்தோடு சரியாக வெட்டினால் ஆப்பு துளையில் முட்டி நின்றுவிடும், காலை இழுத்துப் பிடிக்காது. துளைக்கு அப்புறம் கழுந்தில் இரண்டரை செ.மீ. மரமாவது மிச்சம் இருக்கட்டும், இல்லையென்றால் நாரோடு பிளந்து வந்துவிடும். ஆப்புச் சரிவு எட்டுக்கு ஒன்று, அதாவது எட்டு செ.மீ. நீளத்துக்கு ஒரு செ.மீ. சரிவு. மேலிருந்து கீழாகப் போடுங்கள், தளர்ந்தாலும் தானாக இறங்கி இறுகும்.

முட்டம் கடலோரம்:
உளி அண்ணன் சொன்ன வடிவம்தான் சரி, ஆனால் உட்காரும் மட்டத்தில் ஆப்பு வேண்டாம் என்பேன். நீட்டிக்கொண்டிருக்கிற கழுந்தில் சேலை மாட்டும், சின்னப் பிள்ளைகள் இடித்துக்கொள்ளும். அங்கே 6 மி.மீ. ஆலன் போல்ட், 80 மி.மீ. நீளம், சட்டத்துக்குள் குறுக்கே பேரல் நட் (பக்கவாட்டில் மரை உள்ள உருளை வடிவ நட்). அந்த நட் நாருக்குக் குறுக்கே படுத்திருப்பதால் இழுப்பு முழு மரத்தின் மேல் விழும், நூறு தடவை கழற்றினாலும் மரத்தில் மரை தேயாது. போல்ட் ஒன்றை மட்டும் நம்பினால் சட்டம் அதைச் சுற்றித் திரும்பும், அதனால் பக்கத்தில் ஒரு 8 மி.மீ. டவல் குச்சியும் (துளையில் செருகும் உருளை மரமுளை) வேண்டும். அதைச் சட்டத்தில் மட்டும் ஒட்டுங்கள். சென்னையும் கடற்கரைதான், சாதாரண இரும்பு போல்ட் உப்புக்காற்றில் துருவேறிக் கழற்ற வராது. ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

குலசேகரம் ரப்பர்:
வியன்னாவில் நாற்காலி செய்த தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியைப் பாருங்கள். 6 துண்டு, 10 ஸ்க்ரூ, 2 நட், ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அனுப்பினார்கள். அதிலும் பின்கால்களும் முதுகும் நீராவியில் வளைத்த ஒரே கட்டை, பாரம் வருகிற இடத்தில் மூட்டைக் குறைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, உங்கள் அயினி பல வருடம் காய்ந்த கட்டை, அது பெரிய லாபம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ஈரத்தில் மரம் அகலவாக்கில்தான் உப்பும். உட்காரும் பலகைகளுக்கு இடையில் 4 மி.மீ. விடுங்கள். அடுத்த நாற்காலிக்கு ரப்பர் மரம் எடுத்தால் போரான் மருந்து ஏற்றிய பலகையாகக் கேட்டு வாங்குங்கள், பச்சையாக வாங்கினால் நீலக்கறையும் வண்டும் நிச்சயம்.

குழித்துறையான்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மூட்டுகளை அறுத்துப் பிரித்து, உளி அண்ணன் சொன்னபடி இடது, வலது பக்கம் இரண்டையும் புதிதாக ஒட்டிவிட்டேன். கீழே ஆப்பு, மேலே போல்ட். ஒட்டியது காய்ந்ததும் அப்பா உட்கார்ந்து நன்றாகச் சாய்ந்தார், சத்தமே இல்லை. ஒரே சந்தேகம், ஒரு குறுக்குச் சட்டத்தை இடம் மாற்றி மாட்டினால் ஆப்பு இறுகவில்லை. அங்கே தங்கைக்கு எப்படித் தெரியும்?

தக்கலை உளி:
கையால் செய்த மூட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, மாறினால் இறுகாது. உளியால் குறி போட்டுவிடுங்கள், முதல் மூட்டில் கழுந்திலும் காலிலும் ஒரு கீறல், அடுத்ததில் இரண்டு. ஆப்பிலும் அதே கீறல். பென்சில் வேண்டாம், அழிந்துவிடும்.